மாவு மில் தூசி: நெஞ்சைக் காப்பது எப்படி?

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப் பட்டணத்தில் மாவு மில்லில் வேலையா? முதலில் துடைப்பத்தை ஒதுக்குங்கள். கூட்டினால் படிந்த மாவு மறுபடி மூக்குக்கே வரும். காற்றுக் குழாயால் ஊதுவது இன்னும் மோசம். நுண்ணிய தூசியையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள வேக்குவம் நல்லது, இல்லையேல் ஈரத்துணி. சாக்கை உதறாமல், தொட்டி விளிம்போடு ஒட்டி மெல்லச் சரியுங்கள்.

துணி மாஸ்க் போதாது. நுண்தூசியை வடிகட்டும் என்95 மாஸ்க் போட்டு, மூக்குக் கம்பியை இரு கை விரல்களாலும் அழுத்தி, பலமாக மூச்சு விட்டுப் பாருங்கள். கன்னத்தோரம் காற்று கசிந்தால் தூசியும் அதே வழியில்தான் நுழையும். தாடி இருந்தால் மாஸ்க் சரியாக ஒட்டாது.

வேலை நாளில் இழுப்பு, விடுமுறையில் குறைகிறதா? வேலையால் வரும் ஆஸ்துமாவாக இருக்கலாம். தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். மூச்சை ஊதும் வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டரில் 3 முறை ஊதி, அதிக அளவை எழுதுங்கள். தினம் 4 தடவை, 4 வாரம், விடுமுறையிலும். அந்தத் தாளோடு அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள். தொழில் நோய் என்று உறுதியானால் சொக்சோவில் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) இழப்பீடு கோரலாம்.