ஃபுல்பேக்கின் கிராஸ் அணிக்குப் பயன்படுகிறதா? தாளும் பேனாவும் கொண்டு கணிக்கும் முறை

கால்பந்தில் ஒரு ஃபுல்பேக் (ஓரத்தில் ஆடும் தடுப்பாட்டக்காரர்) ஓர் ஆட்டத்தில் பத்து கிராஸ் (ஓரத்திலிருந்து கோலின் முன்பகுதிக்கு அனுப்பும் பந்து) அடித்தார் என்ற கணக்கு, அவர் எத்தனை முறை முன்னேறினார் என்பதைச் சொல்லுமே தவிர, அணிக்கு என்ன கிடைத்தது என்பதைச் சொல்லாது. 2014 பிப்ரவரியில் ஃபுல்ஹாமுக்கு எதிராக மான்செஸ்டர் யுனைடெட் 80-க்கும் மேற்பட்ட கிராஸ்களை அனுப்பியும் ஆட்டம் 2-2 எனச் சமநிலையில்தான் முடிந்தது.

முதலில், ஒரு தாளில் கோல் கோட்டையும் அதிலிருந்து 16.5 மீட்டர் நீளும் பெனால்ட்டி பகுதியையும், அதனுள் 5.5 மீட்டர் நீளும் சிறிய பெட்டியையும் வரைந்துகொள்ளுங்கள். கார்னர், ஃப்ரீ கிக் ஆகியவற்றை (ஆட்டம் நின்றபின் நிலையான பந்தை உதைப்பவை) கணக்கில் சேர்க்காதீர்கள். 2018-19 பிரீமியர் லீக் பருவத்தில் லிவர்பூல் ஃபுல்பேக் டிரெண்ட் அலெக்சாண்டர்-ஆர்னால்டு தந்த 12 அசிஸ்டுகளில்கூட (சக வீரரின் கோலுக்கு வழிவகுத்த பாஸ்கள்) ஃப்ரீ கிக்கில் பிறந்தவை உண்டு. அவை வேறு திறமை.

இரண்டாவதாக, ஒவ்வொரு கிராஸிலும் பந்து புறப்பட்ட இடத்தையும் சென்று சேர்ந்த இடத்தையும் ஒரு கோட்டால் இணையுங்கள்.

மூன்றாவது படியில்தான் பொறுமை தேவை: புறப்பட்ட இடங்களைப் பிரித்துப் பாருங்கள். கோல் கோட்டை எட்டாமல் தொலைவில் பின்னாலிருந்து உயரமாக வரும் பந்தை, அதை நோக்கியே நிற்கும் தடுப்பாட்டக்காரர் தலையால் எளிதாக முட்டி வெளியேற்றிவிடுவார். ஆனால் கோல் கோடு வரை சென்று பந்தைப் பின்னோக்கித் தரையோடு தள்ளும்போது, தடுப்பாட்டக்காரர்கள் தங்கள் கோலை நோக்கி ஓடிக்கொண்டிருக்க, பந்தைப் பெறுபவரோ கோலைப் பார்த்தபடி வருகிறார். அவர் பந்துக்குப் பின்னால் இருப்பதால் ஆஃப்சைடு என்ற பேச்சுக்கும் இடமில்லை. என் கணிப்பில் இத்தகைய ஒரு பந்து, உயரத்தில் மிதந்து வரும் நான்கு பந்துகளுக்குச் சமம். பின்னாலிருந்து அடிப்பதே தவறு என்பதில்லை. எதிரணி இன்னும் அணிவகுக்காத நேரத்தில், கோல்கீப்பருக்கும் தடுப்பாட்டக்காரர்களுக்கும் இடையே வளைந்து விழும் பந்து மிக ஆபத்தானது.

நான்காவதாக, பந்தை உதைக்கும் கணத்தில் பெனால்ட்டி பகுதிக்குள் எத்தனை சக வீரர்கள் இருந்தார்கள் என்பதைக் கோட்டருகே எழுதுங்கள். எவருமே இல்லாத இடத்துக்குப் பந்து போயிருந்தால், வராத ஸ்ட்ரைக்கருக்கும் அதில் பங்குண்டு.

இறுதியாக, விளைவைக் குறியுங்கள்: ஷாட், சக வீரரின் தொடுகை, எதிரணியின் வெளியேற்றம். எதிரே நின்ற முதல் ஆளின் காலிலேயே பட்டுத் திரும்பியவற்றைத் தனியே வட்டமிடுங்கள். ஐந்தாறு ஆட்டங்களின் தாள்களை அடுக்கிப் பார்க்கும்போது அந்த வட்டங்கள் குறையவில்லை என்றால், உதைப்பதற்கு முன் அவர் தலையை நிமிர்த்திப் பார்க்கிறாரா என்பதை அடுத்த ஆட்டத்தில் கவனியுங்கள்.