புதுக் காரில் தீராத பழுதா? நுகர்வோர் ஆணையத்தை அணுகும் முறை

வாங்கிய சில மாதங்களுக்குள்ளேயே ஒரு கார் அதே பழுதுக்காகத் திரும்பத் திரும்ப ஒர்க்‌ஷாப்புக்குப் போகிறது என்றால், இந்தியாவில் வாங்கியவருக்குத் துணை நிற்பது 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். இத்தனை முறை சரிசெய்தும் பழுது நீங்காவிட்டால் வண்டியை மாற்றித் தர வேண்டும் என்ற கணக்கு எதுவும் அதில் இல்லை. குறை தொடர்கிறது என்பதை வாங்கியவரே ஆவணங்களைக் கொண்டு நிறுவ வேண்டும்.

படி 1: தகுதி

சொந்தப் பயன்பாட்டுக்கு வாங்கியவர் நுகர்வோர். வணிக நோக்கத்துக்கு வாங்கியவருக்கு இந்தச் சட்டம் பொருந்தாது; ஆனால் பிழைப்புக்காக டாக்சி வாங்கித் தானே ஓட்டுபவர் நுகர்வோராகவே கருதப்படுவார்.

படி 2: ஜாப் கார்டு

வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விடும்போது நீங்கள் சொல்லும் பழுதை எழுதிக்கொள்ளும் சீட்டுதான் ஜாப் கார்டு. வழக்கின் உயிர் இங்கேதான் இருக்கிறது. நீங்கள் எவ்வளவு விளக்கமாகச் சொன்னாலும் சர்வீஸ் அட்வைசர் பெரும்பாலும் ‘கியர் செக்’ என்று இரண்டே சொற்களில் எழுதி முடித்துவிடுவார். ‘40 கி.மீ. வேகத்தில் மூன்றாவது கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வருகிறது’ என்று முழுமையாக எழுதச் சொல்லி, தேதியும் ஓடிய கிலோமீட்டரும் பதிவாகியிருக்கின்றனவா என்று பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள். வண்டியைத் திரும்ப எடுக்கும்போது திருப்திக் குறிப்பில் ஒரு கையெழுத்து கேட்பார்கள். பழுது நீங்கவில்லையென்றால் ‘குறை நீடிக்கிறது, ஆட்சேபத்துடன் பெற்றுக்கொள்கிறேன்’ என்று எழுதிக் கையெழுத்திட்டு, அதன் நகலையும் வாங்கிக்கொள்ளுங்கள். ‘திருப்தி’ என்று போட்ட கையெழுத்தைத்தான் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் எடுத்துக் காட்டுவார்.

படி 3: நோட்டீஸ்

டீலர், தயாரிப்பு நிறுவனம் ஆகிய இருவருக்கும் ஸ்பீட் போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்பி, வழக்கிலும் இருவரையும் எதிர்த்தரப்பாகச் சேர்ப்பது நல்லது. டீலரின் தவறுக்கு நிறுவனம் தானாகவே பொறுப்பாகிவிடாது என்பதை 2021இல் டாடா மோட்டார்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது. இடையில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதியலாம். சில நேரம் அதிலேயே பேச்சு முடிந்துவிடுவதும் உண்டு.

படி 4: மனு

காருக்குக் கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போக வேண்டும். ஷோரூம் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுச் செய்யலாம் என்பது 2019 சட்டம் கொடுத்த பெரிய வசதி. கட்டணம் 5 லட்சம் வரை இல்லை. 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400 ரூபாய், 50 லட்சம் வரை 1,000 ரூபாய். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மனுச் செய்துவிட வேண்டும். ‘அடுத்த சர்வீஸில் பார்த்துக்கொள்ளலாம் சார்’ என்ற பேச்சை நம்பிக் காலக்கெடுவைக் கோட்டைவிட்டவர்கள் உண்டு.

படி 5: நிபுணர் அறிக்கையும் கோரிக்கையும்

பார்த்த அளவில் தெரியாத உற்பத்திக் குறை என்றால், வண்டியை உரிய ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்குமாறு ஆணையத்திடம் மனுவோடு சேர்த்தே கேளுங்கள். கோரிக்கையில் புதிய வண்டியை மட்டும் கேட்டு நிறுத்திக்கொள்ள வேண்டாம். 2006இல் மாருதி நிறுவனம் தொடர்பான ஒரு வழக்கில், பழுதான பாகத்தை மாற்றினால் போதும் என்னும் நிலையில் முழு வண்டியையும் மாற்றித் தர உத்தரவிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. அதே நீதிமன்றம் 2022இல், விபத்தின்போது ஏர்பேக் விரியாத ஹூண்டாய் கார் வழக்கில், வண்டியை மாற்றித் தரும் உத்தரவை உறுதிசெய்தது. எனவே புதிய வண்டி, இல்லையேல் வட்டியுடன் விலை, அதுவும் இல்லையேல் இலவசப் பழுதுநீக்கமும் இழப்பீடும் என்று வரிசையாகக் கேட்பதே பாதுகாப்பானது.

வழக்கு முடியும்வரை காரை விற்க வேண்டாம். வெளி மெக்கானிக்கிடம் கொடுத்துப் பிரிக்கவும் வேண்டாம்.