பண்டைக் கிரேக்கத்தின் தேன் பணியாரமும் தேன் படையலும்

கரும்புச் சர்க்கரை புழங்காத பண்டைக் கிரேக்கச் சமையலில் இனிப்பு என்றால் பெரும்பாலும் தேன்தான். உலர்ந்த அத்தியும் திராட்சையும் அதற்கு அடுத்தபடிதான். ஏதென்ஸ் அருகிலுள்ள ஹைமெட்டஸ் மலையின் தேன் அக்காலத்திலேயே பெயர் பெற்றிருந்தது. அது கிடைக்காதவர்கள் மணம் மிகுந்த மலைத்தேன் எதையும் எடுத்துக்கொள்ளலாம். வெல்லப்பாகு வேண்டாம், பண்டத்தின் குணமே மாறிவிடும்.

முதலில், பொரிக்கும் சட்டியின் பெயரையே தன் பெயராகக் கொண்ட 'தாகெனிதை' என்னும் பணியாரம். கி.பி. 2ஆம் நூற்றாண்டின் மருத்துவரான கேலன் இதன் செய்முறையை விவரித்திருக்கிறார். புகையாத தணலின் மேல் சட்டியை வைத்து, ஆலிவ் எண்ணெய் ஊற்றி, அது காய்ந்ததும் நிறையத் தண்ணீரில் கரைத்த கோதுமை மாவை விட வேண்டும். கூடையில் உறையும் இளம் பாலாடைக்கட்டியைப் போல அது விரைவில் இறுகிவிடும். அடிப்புறம் வெந்ததும் திருப்பிப் போட்டு, இருபுறமும் ஒரே பதத்தில் வேகும்வரை இரண்டு மூன்று முறை புரட்ட வேண்டும். ஒரு கிண்ணம் மாவுக்கு ஒன்றேகால் கிண்ணம் தண்ணீர் என்பது என் கணக்கு. மாவிலேயே தேனைக் கலப்பவர்களும் உண்டு, கடலுப்பைக் கலப்பவர்களும் உண்டு என்கிறார் கேலன். தேன் எளிதில் கருகும் என்பதால், இறக்கியபின் சூட்டோடு மேலே ஊற்றுவதே எனக்குச் சரியாகப் படுகிறது. இது செரிக்க நேரமாகும் பண்டம் என்றும் அவர் எச்சரிப்பதால், இரண்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இனி, தரையில் ஊற்றும் படையல். இதில் தேனை அடுப்பில் ஏற்றுவதில்லை. பாலும் தேனும் கலந்த 'மெலிக்ராட்டோன்' இறந்தோருக்கு உரியது; ஹோமரின் ஒடிசி காவியத்தில் அதன் நாயகன் ஒடிசியஸ் ஒரு முழ நீள அகலத்தில் குழி தோண்டி முதலில் இதையும், பிறகு மதுவையும், மூன்றாவதாகத் தண்ணீரையும் ஊற்றி, மேலே வெண்ணிற வாற்கோதுமை மாவைத் தூவுகிறான்.

ஏதென்ஸை அடுத்த கொலோனஸ் ஊரில், பழிதீர்க்கும் தேவியரான யூமெனிடிஸுக்கு உரிய முறையோ வேறு. கிரேக்க நாடகாசிரியர் சோஃபக்ளீஸின் 'கொலோனஸில் ஈடிபஸ்' நாடகம் அதைப் படிப்படியாகச் சொல்கிறது. வற்றாத ஊற்றிலிருந்து தூய கைகளால் நீர் கொண்டுவந்து, கலங்களின் விளிம்பையும் பிடிகளையும் இளம் ஆட்டின் கம்பளியால் சுற்றி, விடியும் திசை நோக்கி நின்று ஊற்ற வேண்டும். கடைசிக் கலத்தில் தேன் சேர்க்க வேண்டும், மது கூடாது. அதை முழுதாகக் கவிழ்த்துவிட வேண்டும். நிலம் அதைக் குடித்தபின் இருபத்தேழு ஆலிவ் கிளைகளை அதன் மேல் இரு கைகளாலும் வைத்து, பிறர் காதில் விழாதபடி வேண்டிக்கொண்டு, திரும்பிப் பாராமல் நடந்துவிட வேண்டும்.