அங்கோருக்குத் தனியே போகிறீர்களா? எதற்கு எவ்வளவு பயப்படலாம்

திருகோணமலையிலிருந்து அங்கோர் கோயில்களைப் பார்க்கக் கம்போடியாவுக்குப் புறப்படுபவர் வீட்டில் முதலில் எழும் கேள்வி, "அங்க பிரச்சினை இல்லையா?" என்பதுதான். நாடு முழுவதற்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. எந்தக் கோயில், எந்த மாதம், எந்த வாகனம் என்று பிரித்துப் பாருங்கள்.

முதலில் வரைபடம். பிரே விகார் சிவன் கோயில் தாய்லாந்து எல்லையோரம் மலை விளிம்பில் இருக்கிறது. 2025 ஜூலையில் அந்த எல்லையில் பீரங்கிச் சண்டை நடந்தது. சிவன் கோயில் என்று ஆசை வரும், இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அங்கோர் வாட், பாயோன், தா புரோம் மூன்றும் சியெம் ரீப் நகருக்குப் பக்கம், அது வேறு கணக்கு. ஆனாலும் புறப்படும் வாரம் செய்தி பாருங்கள். காப்புறுதிப் பத்திரத்தில் போர் தொடர்பான விலக்குகளையும் வாசியுங்கள்.

மிதிவெடி அபாயம் ஒதுக்குப்புறக் கோயில்களுக்குப் போகும்போதுதான். தேய்ந்த பாதையை விட்டு, ஒதுங்குவதற்குக்கூட இறங்காதீர்கள். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை என்ன சொல்கிறதென்று நம்மவருக்கு விளக்கத் தேவையில்லை.

உண்மையில் ஆளை விழுத்துவது வீதியும் படியும்தான். அங்கே வாகனம் வலப்பக்கம் ஓடும். வீதியைக் கடக்கும்போது நம் கழுத்து பழக்கத்தில் வலப்பக்கம் திரும்பும், வண்டியோ இடப்பக்கத்தால் வரும். ஸ்கூட்டர் வேண்டாம், செல்லுபடியான மோட்டார் சைக்கிள் அனுமதிப்பத்திரம் இல்லாமல் விழுந்தால் காப்புறுதி பெரும்பாலும் கைவிரிக்கும். ஓட்டோவை நாள் வாடகைக்குப் பேசுங்கள். போகும் கோயில்களையும் கூலியையும் ஏறுமுன் முடிவு செய்யுங்கள்.

அங்கோர் வாட்டின் மேல்தளப் படிகள் ஏணி மாதிரி. ஏறுவது சுலபம். இறங்கும்போது படியைப் பார்த்தபடி, கைப்பிடியை விடாமல் பின்புறமாக இறங்குங்கள். நமக்கு வெயில் கொளுத்தும் ஆகஸ்ட் அங்கே மழைக்காலம்; பாசி பிடித்த கல் வழுக்கும். நொவம்பர் முதல் பெப்ரவரி வரை நல்லது. விடிய 5 மணிக்குத் தொடங்கி 11 மணிக்குள் நிழலுக்கு வந்துவிடுங்கள். ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புச் சீனித் தூள்) இரண்டு மூன்று பைக்கற் பையில் இருக்கட்டும், ஒன்றுக்கு 1 லீற்றர் தண்ணீர்.

திருகோணமலைக் கோட்டை மான்களுக்குப் பழம் நீட்டும் கை, அங்கே குரங்குக்கு நீளக் கூடாது. கடித்தாலோ கீறினாலோ ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே விசர்நாய்க்கடித் தடுப்பூசிக்குப் போங்கள். எந்த ஊசி, எந்தத் திகதி என்று எழுதி வாங்குங்கள். மிச்ச ஊசிகளை ஊரில் போட அந்தத் துண்டு வேண்டும்.

இன்னொன்று. நமக்கு 119 பொலிஸ். அங்கே 119 அம்புலன்ஸ், பொலிஸ் 117. இதைக் காகிதத்தில் எழுதிக் கடவுச்சீட்டு உறைக்குள் வையுங்கள், போனில் சார்ஜ் தீர்ந்தாலும் கையில் இருக்கும்.