வீட்டு ஆங்கிலத்தை வாசலில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்

நான் வர்சிட்டிக்குப் போனபோது எனக்கு வயது 36. அதுவரை தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு துணி ஃபேக்டரியில் ஓவர்லாக் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஃபேக்டரியை மூடினார்கள், கையில் கொஞ்சம் பணம் கொடுத்தார்கள். கார் வாங்கலாம் என்றார் என் வீட்டுக்காரர். நான் பி.ஏ. படிக்கப் போனேன். இன்றுவரை பஸ்தான்.

இப்போது டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் எங்கள் வீட்டு கராஜில் சனிக்கிழமைகளில் மெட்ரிக், அதாவது பள்ளிக் கடைசி வருஷப் பிள்ளைகளை உட்கார வைத்து வாசிக்கச் சொல்கிறேன். "ஆன்ட்டி, இங்கிலீஷும் கதை எழுதுவதும் படிக்கணும், என்ன செய்யணும்?" என்று வருஷத்துக்கு இரண்டு பேராவது கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். தமிழில் எழுதுவது, கோயில் வகுப்பில் படித்த தமிழ் துருப்பிடிக்காமல் இருக்க.

முதலில் விண்ணப்பம். டர்பன் இருக்கும் க்வாசூலு-நடால் மாகாணத்தில் படிப்பதென்றால் ஒவ்வொரு பல்கலைக்கழகமாக அலைய வேண்டாம், சி.ஏ.ஓ. என்ற மத்திய விண்ணப்ப அலுவலகம் வழியாகவே போகலாம். மெட்ரிக்கில் 'பேச்சலர்' பாஸ் வேண்டும்: வீட்டு மொழிப் பாடத்தில் 40, வேறு நான்கு பாடங்களில் 50. அது கேட்டைத் திறக்கும், அவ்வளவுதான். உள்ளே விட ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனியாகப் புள்ளி கேட்கும், ஆகவே அந்தந்த வருஷத்துக் கையேட்டைப் பாருங்கள். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 3,50,000 ராண்டுக்குள் இருந்தால் என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். என்ற அரசு மாணவர் நிதி உதவிக்கும் போடுங்கள். அது வேறு விண்ணப்பம், இது வேறு. ஒன்றைப் போட்டுவிட்டு இரண்டும் முடிந்தது என்று நினைத்த பையனை எனக்குத் தெரியும். ஜனவரியில் அவன் அம்மா என் கராஜில் வந்து அழுதார்.

அப்புறம், பி.ஏ.வில் 'கிரியேட்டிவ் ரைட்டிங்' என்று தனிப் பட்டத்தைத் தேடி நாளை வீணாக்காதீர்கள். இளங்கலையில் பெரும்பாலும் அது ஆங்கிலத் துறைக்குள் ஒன்றிரண்டு மாட்யூலாகத்தான் இருக்கும். முழுதாக எழுத்தையே படிப்பது எம்.ஏ.வில்: கேப் டவுன், ஜொகன்னஸ்பர்க்கில் இருக்கும் விட்ஸ், மக்கண்டாவில் இருக்கும் ரோட்ஸ் பல்கலைக்கழகங்களில். ஆகவே முதல் மூன்று வருஷம் வாசிக்கப் பழகும் வருஷங்கள். இரண்டாவது மேஜராக, அதாவது முக்கியப் பாடமாக, எதை எடுப்பது என்று கேட்டால் வரலாறு என்பேன். நாடகம் எடுத்தவர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

வாசிப்பதில் நான் செய்த தப்பைச் சொல்கிறேன். கதை தெரிந்துவிட்டால் புத்தகம் முடிந்தது என்று நினைத்தேன். கட்டுரையில் கதைச் சுருக்கம் எழுதினேன், 42 மதிப்பெண் வந்தது. ஃபேக்டரியில் ஒரு சட்டை வந்தால் நாங்கள் முதலில் உள்பக்கத்தைத் திருப்பித் தையலைத்தான் பார்ப்போம். பத்தியையும் அப்படித் திருப்ப வேண்டும். வினைச்சொற்களை மட்டும் பென்சிலால் கோடிடுங்கள். ஒவ்வொன்றையும் செய்தது யார் என்று கேளுங்கள்.

நான் படித்த ஒரு பாடப் பகுதியில், இனம் பார்த்து வசிக்கும் இடங்களைப் பிரித்த 1950ஆம் ஆண்டு குழுப் பகுதிச் சட்டத்துக்குப் பிறகு டர்பனின் கேட்டோ மேனரிலிருந்து 'குடும்பங்கள் இடம் மாற்றப்பட்டன' என்று இருந்தது. மாற்றியது யார்? வாக்கியத்தில் ஆளே இல்லை. என் ஆயா, அதாவது பாட்டி, அதே சேதியை, "லாரியில ஏத்தினான், தகரத்தைக்கூட எடுக்க விடல" என்பார். ஆயாவின் வாக்கியத்தில் பெயர் இல்லாவிட்டாலும் ஏற்றியவன் ஒருவன் நிற்கிறான். அச்சில் இருந்த வாக்கியத்தில் அவன் ஒளிந்துகொண்டான். இந்த ஒரு வித்தியாசத்தை வைத்தே நான்கு பக்கம் எழுதலாம். எழுதினேன், 68 வந்தது. சொல்ல வருவதை முதலில் ஒரே வாக்கியமாக எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள். மேற்கோள் இரண்டு வரி போதும், அதைப் பற்றி நீங்கள் பத்து வரி எழுதுங்கள். பத்து வரி மேற்கோளுக்கு இரண்டு வரி விளக்கம் எழுதுகிறவர்கள்தான் அதிகம்.

'டுட்' என்ற சிறுகுழு வகுப்புகளைத் தவறவிடாதீர்கள். வருகை குறைந்தால் டி.பி. என்ற பரீட்சை அனுமதி கிடைக்காது, டி.பி. இல்லாவிட்டால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். சாட்ஸ்வர்த்திலிருந்து டவுனுக்கு ஒரு வண்டி, அங்கிருந்து மேட்டில் இருக்கும் எங்கள் பல்கலைக்கழக வளாகமான ஹோவர்ட் காலேஜுக்கு இன்னொன்று. எட்டு மணி வகுப்புக்கு விடியுமுன்பே கிளம்புவேன். அலுப்பாக இருந்தால் சித்தப்பாவை நினைத்துக்கொள்வேன். 1961ல் இந்தியர்களுக்கென்று டர்பன் துறைமுகத்துச் சாலிஸ்பரி தீவில், பழைய கடற்படைக் கொட்டகைகளில் ஒரு காலேஜ் திறந்தார்கள். அங்கே படிக்க அவர் தினமும் படகு ஏறினார்.

இனி எழுத்து வகுப்பு. உங்கள் கதையைப் பத்துப் பேர் படித்துவிட்டு வட்டமாக உட்கார்ந்து பேசுவார்கள். அந்த நேரம் நீங்கள் வாய் திறக்கக் கூடாது. "நான் சொல்ல வந்தது என்னவென்றால்" என்று நாக்கு துடிக்கும். நோட்டில் எழுதிக்கொண்டே இருங்கள். மூன்று பேர் ஒரே இடத்தில் தடுக்கி விழுந்திருந்தால் அந்த இடத்தைத் திருத்துங்கள். அவர்கள் சொல்லும் தீர்வு பெரும்பாலும் தப்பாக இருக்கும், தடுக்கிய இடம் மட்டும் உண்மை. மற்றவர் கதையைப் பற்றிப் பேசும்போது 'நன்றாக இருக்கிறது' என்பதால் யாருக்கும் பயனில்லை. எந்தப் பக்கத்தில் கவனம் சிதறியது என்று சொல்லுங்கள்.

என் முதல் கதையில் ஆயா வந்தார். சமையல்கட்டில் அரிசி தீர்ந்துவிட்டதைப் பேத்தியிடம் சொல்கிறார். நான் அவரை வானொலியில் செய்தி வாசிக்கிற வெள்ளைக்கார அம்மாள் மாதிரி, இலக்கணம் பிசகாமல், பேச வைத்தேன். விரிவுரையாளர் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்: 'யார் இந்த அம்மாள்?' இரண்டு நாள் கோபமாக இருந்தேன். பள்ளிக்கூடத்தில் எங்கள் வீட்டு ஆங்கிலத்துக்குச் சிவப்பு மை போட்டே வளர்த்தார்களே, இப்போது அதைக் கேட்டால் எப்படி?

ஆனால் கேட்டது சரி. 'வேறவேற கலர்' என்ற தமிழ்தான் நம் வாயில் 'டிஃபரெண்ட் டிஃபரெண்ட் கலர்ஸ்' ஆகிறது. 'போயிருப்பான்' என்ற சந்தேகம் வாக்கியக் கடைசியில் 'மஸ்ட் பி' ஆகத் தொங்குகிறது. இதையெல்லாம் மொழியியலாளர் ராஜேந்த் மெஸ்த்ரி பல வருஷம் ஆராய்ந்து, தென்னாப்பிரிக்க இந்தியர் ஆங்கிலத்துக்கு 2010ல் ஓர் அகராதியே வெளியிட்டார். நூலகத்தில் எடுத்துப் பாருங்கள், உங்கள் பெரியம்மா அதில் பேசுவார். கேட்டோ மேனரில் பிறந்த எழுத்தாளர் ரோனி கோவிந்தர் தன் ஊர் மனிதர்களை அவர்கள் பேச்சிலேயே பேச வைத்தார். 1996ல் வந்த அந்தக் கதைகளுக்கு ஆப்பிரிக்கப் பகுதிக்கான காமன்வெல்த் எழுத்தாளர் பரிசு கிடைத்தது.

இரண்டு ஆங்கிலமும் கையில் இருக்க வேண்டும், அதுதான் விஷயம். கட்டுரைக்கு ஒன்று, ஆயாவுக்கு ஒன்று. ஆயாவுடையதை எழுதும்போது எழுத்துக்கூட்டலைக் கோணலாக்கிச் சிரிக்க வைக்காதீர்கள், அது மேடைக் கோமாளித்தனம். சொல் வரிசையை மட்டும் அப்படியே விடுங்கள். அரிசியை முன்னால் வைத்துத் 'தீர்ந்தது' என்பதைப் பின்னால் வைத்தேன். ஆயா வந்துவிட்டார்.

மார்ச்சில் 'டைம் ஆஃப் தி ரைட்டர்' என்ற எழுத்தாளர் விழா, அக்டோபரில் 'பொயட்ரி ஆப்பிரிக்கா' என்ற கவிதை விழா என்று இரண்டு விழாக்களை க்வாசூலு-நடால் பல்கலைக்கழகத்தின் படைப்புக் கலை மையம் நடத்துகிறது. போங்கள். கேள்வி கேட்க முதல் ஆளாகக் கையைத் தூக்குங்கள், இரண்டாவது ஆளுக்கு நேரம் கிடைப்பதில்லை.

கடைசியாக ஒரு பயிற்சி. 1860லிருந்து 1911 வரை இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக நடாலுக்கு வந்தவர்கள் 1,52,184 பேர். அவர்களுடைய கப்பல் பட்டியல்களில் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், உடம்பில் இருந்த அடையாளம் வரை குறித்திருக்கிறார்கள். அதே பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் இருக்கும் காந்தி-லுத்துலி ஆவண மையத்துக்குப் போய்ப் பாருங்கள், பழைய ஆட்களின் பேட்டிகளும் உண்டு. பட்டியலில் ஒரு வரியை எடுத்து, அந்த ஒருவருக்கு ஒரு பக்கம் எழுதுங்கள். போன மாதம் இதைக் கொடுத்தபோது, ஒரு பெண்ணின் வரியை எடுத்த ஒரு பையன், "ஊர் பேரு வாயில நுழையல ஆன்ட்டி, மாத்திக்கலாமா?" என்றான். ஊரை மாற்றாதே, கப்பலில் அவள் என்ன நினைத்தாள் என்பதை வேண்டுமானால் நீயே எழுது என்றேன். இடது முழங்காலில் தழும்பு என்று பட்டியலில் இருக்கிறது, அது எப்படி வந்தது என்பதையும் எழுதலாமா என்றான். உட்கார்ந்து எழுது என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன்.