மார்பகக் குறைப்பு அறுவை சிகிச்சை: முடிவெடுக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கழுத்தும் தோளும் ஓயாமல் வலிப்பது, பிரா பட்டை அழுந்தித் தோளில் பள்ளம் விழுவது, மார்பின் அடிமடிப்பில் வியர்வை தேங்கி அடிக்கடி புண்ணாவது ஆகியவைதான் பெரும்பாலும் பெண்களை இந்தச் சிகிச்சையை நோக்கித் தள்ளுகின்றன. மருத்துவரைப் பார்க்கும்போது "இந்தக் கப் அளவுக்குக் கொண்டுவாருங்கள்" என்று கேட்பதில் பெரிய பயனில்லை. கப் அளவு ஒவ்வொரு பிராண்டுக்கும் மாறும். அறுவை அரங்கில் எடுக்கும் திசுவின் கணக்கு கிராமில்தான். எந்த வடிவம் வேண்டும், எதனால் சிரமம் என்று சொல்லுங்கள்.

எவ்வளவு எடுக்கலாம் என்பதைக் காம்பின் ரத்த ஓட்டமே தீர்மானிக்கிறது. பலரும் நினைப்பதுபோல் காம்பை வெட்டி எடுத்துத் திரும்ப ஒட்டுவது வழக்கமான முறை அல்ல. ரத்தக்குழாய்களும் நரம்புகளும் உள்ள ஒரு சதைப்பகுதியோடு அதை இணைத்தே வைத்துக்கொண்டு, சுற்றியுள்ள கொழுப்பு, சுரப்பித் திசு, தோல் ஆகியவற்றை நீக்கி, காம்பை மேலே நகர்த்தித் தைக்கிறார்கள். மிகப் பெரிய மார்பகங்களில் அந்த இணைப்பு நீளமாகிவிட்டால் ரத்தம் போதாமல் போகலாம். அப்போது மட்டும் காம்பைத் தனியே எடுத்து ஒட்டுவார்கள். அதில் உணர்ச்சி பெரும்பாலும் போய்விடும், பால் கொடுக்கவும் முடியாது. உங்களுக்கு எந்த முறை என்று நேரடியாகக் கேளுங்கள். வழக்கமான முறையிலும் உணர்ச்சி குறையலாம், பால் போதாமல் போகலாம். குழந்தை பெறும் எண்ணம் இருந்தால் இதை முதலிலேயே பேசிவிடுங்கள்.

தழும்பு இல்லாமல் இது நடக்காது. கருவட்டத்தைச் சுற்றி ஒன்று, அங்கிருந்து நேர்கீழாக ஒன்று. அதிகம் குறைக்க வேண்டுமென்றால் அடிமடிப்பில் குறுக்காக இன்னொன்று.

புகைப்பவர்கள் குறைந்தது 4 வாரம் முன்பே நிறுத்த வேண்டும், பின்பும் 4 வாரம் தொடக்கூடாது. நிக்கோட்டின் ரத்தக்குழாயைச் சுருக்கும். காம்பு கருத்துப்போவதற்கும் தையல் பிரிவதற்கும் அது பெரிய காரணம். ஆஸ்பிரின், இபுப்ரோஃபென், மூலிகை மாத்திரைகள் உட்படச் சாப்பிடும் எல்லாவற்றையும் பட்டியலிட்டுக் காட்டுங்கள். ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். எடை சில மாதங்களாக ஒரே நிலையில் இருக்க வேண்டும். வயதைப் பொறுத்து முன்கூட்டியே மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) கேட்பார்கள்.

அறுவை நாளன்று காலை நிற்கவைத்துப் பேனாவால் கோடு போடுவார்கள். படுத்தால் மார்பு பக்கவாட்டில் சரிந்து அளவெல்லாம் மாறிவிடும், அதனால்தான். முழு மயக்கத்தில் 2 முதல் 4 மணி நேரம் ஆகும். எடுத்த திசுவைப் பரிசோதனைக்கு அனுப்புவது வழக்கம். அந்த அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள்.

வீட்டில் முதல் சில வாரங்கள் மல்லாந்து, தலையணை வைத்துச் சற்று உயர்த்திப் படுங்கள். கம்பியில்லாத, முன்பக்கம் திறக்கும் பிராவை இரவும் பகலும் 4 முதல் 6 வாரம் போட வேண்டும். அன்றாடம் எடுக்கும் பொருள்களை இடுப்பு உயரத்தில் முன்கூட்டியே வைத்துவிட்டால் கையைத் தூக்கும் வேலை குறையும். உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு 1 முதல் 2 வாரத்தில் திரும்பலாம்; கனம் தூக்குவதும் ஓடுவதும் 4 முதல் 6 வாரத்துக்குக் கூடாது. தொடக்கத்தில் மார்பு மேலே ஏறி, சற்றுச் சதுரமாகத் தெரியும். பயப்பட வேண்டாம், அது கீழிறங்கி வடிவம் பெறச் சில மாதங்களாகும்.

முதல் நாளில் ஒரு பக்கம் மட்டும் திடீரென வீங்கி இறுகி வலித்தால் உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருக்கலாம். காம்பு நீலமாகவோ கருப்பாகவோ மாறினாலும் சரி, விடியட்டும் என்று காத்திருக்காமல் அழையுங்கள். மூச்சுத்திணறலோ கெண்டைக்கால் வீக்கமோ வந்தால் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். காய்ச்சலும் பரவும் சிவப்பும் தொற்றின் அடையாளம்.

இவற்றைவிட அடிக்கடி நேர்வது, நேர்க்கோடும் குறுக்குக்கோடும் சந்திக்கும் இடத்தில் தையல் கொஞ்சம் பிரிவது. தோலின் இழுவிசை அங்கேதான் அதிகம், ரத்த ஓட்டமும் அங்கே குறைவு. பார்க்க மோசமாக இருந்தாலும், சிறியதாக இருந்தால் கட்டு மாற்றிவர ஆறிவிடும். மறுபடி தையல் பெரும்பாலும் தேவைப்படாது.

மாதங்கள் கழித்துக் கெட்டியான கட்டி தென்பட்டால் அது ரத்தம் கிடைக்காமல் இறந்த கொழுப்பாக இருக்கலாம். ஆனாலும் பரிசோதிக்காமல் விடக்கூடாது. அடுத்த மேமோகிராமின்போது இந்த அறுவை நடந்ததைச் சொல்லுங்கள். உள்தழும்பும் சுண்ணாம்புப் படிவுகளும் படத்தில் வேறு நோய்போலத் தெரியக்கூடும்.