மீன் என்ன செய்கிறது என்று பாருங்கள்

சங்கப் பாட்டில் பறவையோ மீனோ வந்தால், உரையைப் புரட்டும் முன் அது என்ன செய்கிறது என்று பாருங்கள். அந்த வினைச்சொல்லின் கீழே பென்சிலால் ஒரு கோடு போடுங்கள்.

குறுந்தொகை 8-ஆம் பாட்டில் வயலோர மாமரத்துப் பழம் பழுத்துத் தானாக உதிர்கிறது. பொய்கை வாளை அதைக் 'கதூஉம்', அதாவது கவ்விக்கொள்ளும். மீன் மரமேறவில்லை, துள்ளிப் பறிக்கவுமில்லை. பேசுபவள் பரத்தை, அதாவது தலைவன் மனைவியை விட்டு நாடிப்போகும் பெண் என்று தெரிந்ததும் விஷயம் பிடிபட்டுவிடும்: 'நானா அவனை மயக்கினேன்? அவனேதான் வந்து விழுந்தான்!' என்ன குறும்பு! சொல்ல வந்ததை இப்படி இயற்கைக் காட்சிக்குள் ஒளித்துச் சொல்வதைத் தொல்காப்பியம் உள்ளுறை உவமம் என்கிறது.

அதற்காக எல்லாக் கொக்கையும் குறியீடாக்க வேண்டாம் (கல்லூரியில் அப்படி எழுதி மதிப்பெண் இழந்தவன் நான்). பேசுபவரின் நிலையோடு அந்தச் செயல் பொருந்தினால் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.